விதைநெல் அறையில் ஒரு கழிப்பறை

புளி கரைக்க முடியவில்லை. என் நோய் அப்படித்தான் தொடங்கியது. குழம்புக்கு ஊறவைத்த புளியைப் பிழியக் கையை மடக்கினேன், விரல்கள் மடங்கவில்லை. விரல் மூட்டுகள் வீங்கிப் பளபளவென்று இருந்தன.

நாற்று நட்ட கை, கரும்புச் சோகை உரித்த கை. வேலை செய்தால் வலிக்கத்தான் செய்யும் என்று நினைத்தேன். ஆனால் வயலுக்குப் போகாத நாளிலும் வலித்தது. காலையில் எழுந்தால் உடம்பு கட்டையாகக் கிடக்கும், வெயில் ஏறிய பிறகுதான் தளரும். இதைப் படிக்கும் உங்களுக்கும் இப்படி இருந்தால், தைலம் தேய்த்துக்கொண்டு காலத்தைக் கடத்தாதீர்கள்.

எங்கள் ஊர் குருவிநத்தம். வீட்டில் நான், என் வீட்டுக்காரர், என் மாமியார் மூன்று பேர்தான். மாமியாரை அத்தை என்று கூப்பிடுவேன். பாசக்காரி, ஆனால் பிடித்த பிடியை விடமாட்டார். என் நோய்க்கான காரணத்தை அவரே கண்டுபிடித்தார்.

“மிக்ஸி வந்துச்சி, கிரைண்டர் வந்துச்சி, கையி வேலய மறந்து பூடுச்சி. அம்மியில அரைடி. தானா சரியாப் பூடும்.”

மிக்ஸி பரணுக்குப் போனது. தெருவில் போவோர் வருவோரெல்லாம் அதுதான் சரியான வைத்தியம் என்றார்கள். மிளகாய் மசிந்ததோ இல்லையோ, என் மணிக்கட்டு மசிந்தது. கடைசியில் குழவியைப் பிடிக்கவே கை வரவில்லை. முழங்காலும் வீங்கிய பிறகுதான் பிள்ளையார்குப்பத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

ரத்தப் பரிசோதனை முடிந்து மருத்துவர் சொன்னார்: முடக்குவாதம் (நோய்க்கிருமியோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்புச் சக்தி, நம் மூட்டுகளையே தாக்கும் நோய்). கட்டிக்கொடுத்த என் மகளின் வயதுதான் அவருக்கு இருக்கும். என் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தவர், “வீங்கின கையை வெச்சிக்கிட்டு என்ன வேலை செஞ்சீங்க?” என்றார்.

“அம்மியில அரைச்சேன்.”

“யாரும்மா சொன்னது?”

பக்கத்திலிருந்த அத்தை கூரையைப் பார்த்தார்.

“வீக்கம் இருக்கறப்ப மூட்டுக்கு ஓய்வு வேணும். மிக்ஸியில அரைங்க. வீட்டுல வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கா? குந்தி எழுந்தா முழங்கால் தாங்காது.”

மெத்தோட்ரெக்சேட் (அந்தத் தாக்குதலை அடக்கும் மாத்திரை) எழுதிக் கொடுத்தார். வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும், தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நானும் உங்களுக்கு அதையே சொல்கிறேன். அது உடனே வேலை செய்யாது, மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். நான் வலியைப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேறொன்று.

எங்கள் கழிப்பறை தோட்டத்துக் கடைசியில் இருந்தது, குந்தி உட்காரும் வகை. உட்கார்ந்தால் என்னால் எழ முடியாது. அத்தை வெளியே நிற்பார், நான் கூப்பிட்டதும் உள்ளே வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்குவார். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் கதவைத் தாழிடாமல், புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, இன்னொருவர் வந்து தூக்கக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். எனக்கு அவமானமாக இருந்தது. அங்கே போக அஞ்சித் தண்ணீர் குடிப்பதையே குறைத்தேன். சிறுநீர்த் தொற்று (சிறுநீர்ப் பாதையில் கிருமி சேர்ந்து வரும் காய்ச்சல்) வந்து குளிரில் நடுங்கினேன்.

வீட்டுக்குள் டாய்லெட் கட்ட ஒரே ஓர் இடம்தான் இருந்தது. சாமி மாடத்தை ஒட்டிய சின்ன அறை. விதைநெல் மூட்டைகளை அங்கேதான் வைப்போம். விதைப்புக்கு முன் அங்கே கற்பூரம் காட்டித்தான் நெல்லை வெளியே எடுப்பது வழக்கம்.

“சாமி செவுத்துக்கு அந்தாண்ட கக்கூஸா? வெதநெல்லு இருந்த எடத்துலயா? வெளங்குமா இந்த வூடு?” என்றார் அத்தை.

“நாலு நாள் போவட்டும்டி,” என்றார் என் வீட்டுக்காரர். அவர் வீட்டில் உட்கார்ந்தபடியே செல்போனில் வயல் மோட்டாரைப் போடுகிறவர்.

எனக்குக் கோபம் வந்தது. “மோட்டார் போட வரப்புல நடக்க முடியலன்னு உனுக்கு மட்டும் போனு. எனுக்கு மட்டும் தோட்டமா? வெதநெல்ல கூடத்துல வெச்சா மொளைக்காதா? சாமிய நகத்தலாம் அத்த. என்ன நகத்தத்தான் ஆளு வேணும்.”

நானே கொத்தனாருக்குப் போன் போட்டு வரச் சொன்னேன்.

அவர் வந்த அன்று காலை அத்தை குளித்துவிட்டு விளக்கையும் படங்களையும் கூடத்துக்கு மாற்றினார். மூட்டைகளைத் தன் மகனை விட்டுத் தூக்க வைத்தார். முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தார், ஆனால் செய்தார்.

நோய் முழுவதும் போகவில்லை, அடங்கியிருக்கிறது. இடையிடையே ரத்தம் எடுத்து, அந்த மாத்திரையால் ஈரலுக்குக் கெடுதல் வந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். மிக்ஸி பரணிலிருந்து இறங்கிவிட்டது. திருகும் குழாய்களைக் கழற்றிவிட்டு, முழங்கையாலேயே தள்ளித் திறக்கும் குழாய் போட்டிருக்கிறோம். ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியாத நாளில் ஜிப் வைத்த நைட்டி. அதைத் தைக்க நினைத்த புண்ணியவான் யாரோ, அவர் நன்றாக இருக்கட்டும். துணி பிழிய மெஷின். அந்தக் காலத்தில் இதெல்லாம் இருந்ததா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: இல்லை. அதனால்தான் அந்தக் காலத்தில் என்னைப் போன்றவள் பாயோடு பாயாகக் கிடந்தாள். உடம்பு ஓடுகிறவர்களுக்கு இவை சொகுசு. எனக்கு இவை கையும் காலும். சோம்பேறி என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

டாய்லெட் தயாரான முதல் நாள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். விரல் வலித்தது, இருந்தும் நானே போட்டேன். உட்கார்ந்தேன். தண்ணீர் விடும் பித்தானை உள்ளங்கையால் அழுத்தினேன், தண்ணீர் சுழன்று போனது. சுவரில் பதித்த கம்பியைப் பிடித்து எழுந்து பார்த்தேன். எழ முடிந்தது. மறுபடியும் உட்கார்ந்தேன்.

வெளியே அத்தையின் குரல். “இன்னாடி, இன்னும் குந்தினு கீற? தூக்கி வுடட்டா?”

“வேணா அத்த. இன்னும் முடியல.”

முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. யாரும் காத்திருக்க வேண்டாத, யாருக்காகவும் அவசரப்பட வேண்டாத அந்த நேரம் முழுக்க என்னுடையதாக இருந்தது. எழ முடியும் என்று தெரிந்த உடம்போடு இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தேன்.