படியின் கீழே புதைத்த போத்தல்

அந்தப் போத்தல் ஒரு சாண் உயரம்கூட இருக்காது. பழுப்புக் கண்ணாடி. முன்பு இருமல் மருந்து இருந்ததாக இருக்கலாம். வாயில் தக்கை வைத்து, அதன் மேல் கறுப்பு மெழுகை உருக்கி ஊற்றியிருக்கிறது. கையில் எடுத்தால் உள்ளே ஆணிகள் நகரும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் எனக்கு ஆகாது. அதனால் பழைய துவாலையில் சுற்றி, பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, அலமாரியின் அடித்தட்டில் தள்ளி வைத்திருக்கிறேன். ஏறக்குறைய முப்பது வருடங்களில் மூன்று வீடுகள் மாறியாயிற்று. அதைத் தூக்கி எறியவும் துணிவு வரவில்லை, திறந்து பார்க்கவும் துணிவு வரவில்லை. ஈப்போவில் ஆறு வருடம் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்தவள் நான். இதைச் சொன்னால் என் பழைய மாணவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் என் கணவருக்கு ஆக்லாந்தின் ஒடாஹுஹுவில் ஒரு தொழிற்சாலையில் இஞ்சினியர் வேலை கிடைத்து இங்கே வந்தோம். வாடகை கட்டுப்படியானது நகரின் மறுகோடியிலிருந்த ஹென்டர்சனில்தான். ஒரு பழைய மரவீட்டின் பின்பாதி எங்களுக்கு, முன்பாதி வீட்டுக்காரம்மாவுக்கு. துணி துவைக்கும் கொட்டகையும் பின்வாசல் படியும் இருவருக்கும் பொது. கணவர் காலை ஆறரைக்குக் காரில் போனால் இருட்டும் நேரத்தில்தான் வருவார். வந்த சில மாதங்களிலேயே எனக்கு நாள் தள்ளிப்போனது. ஈப்போவில் இரண்டு முறை மூன்றாம் மாதத்திலேயே கலைந்திருந்தது. இது மூன்றாவது. போனில் அம்மா திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொன்னார்: “அஞ்சு மாசம் ஆவுற வரைக்கும் யாருகிட்டயும் வாயத் தொறக்காத. கண்ணு பொல்லாதது.” நான் திறக்கவில்லை. இங்கே திறக்க ஆளும் இல்லை.

வீட்டுக்காரம்மாவுக்கு எழுபதை ஒட்டிய வயது. பள்ளி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆண்கள் போடும் ரப்பர் பூட்ஸ், முழங்கை தேய்ந்த ஸ்வெட்டர், இடுப்பு வரை தொங்கும் வெள்ளைப் பின்னல். கழுத்தில் வட்டத்துக்குள் ஐந்து முனை நட்சத்திரம் வைத்த வெள்ளிப் பதக்கம். வாடகை ஒப்பந்தத்தில் நாங்கள் கையெழுத்துப் போட்ட அன்றே, “நான் ஒரு விட்ச். உங்களுக்கு ஆட்சேபணை ஒன்றுமில்லையே?” என்று ஆங்கிலத்தில் கேட்டார், வீட்டில் நாய் இருக்கிறது என்று சொல்வதைப் போல. கணவர் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சூனியக்காரி என்ற ஒரே சொல்தான் என்னிடம் இருந்தது. ஈப்போவில் எங்கள் தெருவில் யாருக்காவது வியாபாரம் நொடித்தாலும், பெண்ணுக்கு வரன் தட்டிப்போனாலும், வேண்டாதவர்கள் போமோவிடம் போய்ச் செய்து வைத்துவிட்டார்கள் என்பார்கள். போமோ என்றால் மலாய் மந்திரவாதி. ஆனால் அப்படிச் செய்தவர்கள் யாரும் மேசையில் உட்கார்ந்து, டீயும் ஊற்றிக் கொடுத்து, அதை ஒப்புக்கொண்டதில்லை.

சனிக்கிழமை மதியங்களில் அவர் சமையலறைக்கு ஆட்கள் வருவார்கள். துணி காயப்போடும் சாக்கில் நான் ஜன்னலோரம் நின்று கேட்பேன். எல்லாரும் ஒரே கூட்டம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. பட்டணத்திலிருந்து ஒரு கணவன் மனைவி வருவார்கள். அவர்கள் குழுவில் மூன்று படி தீட்சை உண்டு, உள்ளே நடப்பதை வெளியே சொல்லமாட்டோம் என்ற சத்தியமும் உண்டு. தாடி வைத்த கார் மெக்கானிக் ஒருவர் வட ஐரோப்பாவின் பழைய தெய்வங்களைக் கும்பிடுகிறவர். அவரை விட்ச் என்றால் முகம் சிவந்துவிடும். மலைப்பக்கத்திலிருந்து வரும் இரண்டு பெண்களுக்குப் பெண் தெய்வம் மட்டும்தான். அவர்கள் சடங்கு பேசத் தொடங்கினால் மெக்கானிக் தன் டீயை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்துவிடுவார். வீட்டுக்காரம்மா எதிலும் சேராதவர். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலிருந்து வந்த அவருடைய அம்மா கற்றுக்கொடுத்ததைத் தனியாகச் செய்கிறவர். இறந்தவர்களுக்கான நாளைப் புத்தகத்தில் உள்ளபடி அக்டோபரில் கொண்டாடுவதா, இங்கே இலை உதிரும் ஏப்ரல் கடைசியில் கொண்டாடுவதா என்று ஒரு மதியம் முழுக்கச் சண்டை. எனக்கு எங்கள் ஊர்க் கோயில் கமிட்டிக் கூட்டம் நினைவுக்கு வந்தது. அந்தச் சில மணி நேரம் மட்டும் பயம் கொஞ்சம் விட்டிருந்தது.

ஏப்ரல் கடைசியில் அந்தப் பயம் திரும்பி வந்தது. வெயில் சாயும் நேரம், வீட்டுக்காரம்மா உப்புத்தண்ணீர்க் கிண்ணத்தோடு வீட்டைச் சுற்றி நடந்தார். இடமாக நடந்தார். வீடு அவருடைய இடது கைப்பக்கம் இருந்தது. கோயிலை வலமாகச் சுற்றிப் பழகிய எனக்கு, இடமாகச் சுற்றுவது பிணத்தைத்தான் என்று தெரியும். என் அப்பாவை அப்படித்தான் சுற்றினார்கள். மூன்று சுற்று முடிந்ததும் பின்வாசல் படியருகே ஒரு கல்லின் மேல் ரொட்டியும் ஆப்பிளும் ஒரு சின்னக் கோப்பையில் பாலும் வைத்தார். படையல்! அது எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் நான் உள்ளே இருக்கும் வீட்டை ஏன் இடமாகச் சுற்ற வேண்டும்? பிள்ளைக்கு வைக்கும் அளவில் கோப்பை ஏன்? ஜன்னல் திரைக்குப் பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு வாரம் கழித்து, துணி எடுக்கப் போனபோது, பின்வாசல் படியின் அடியில் மண் புதிதாகக் கிளறியிருப்பதைப் பார்த்தேன். குழம்புக் கரண்டியை எடுத்து வந்து தோண்டினேன். ஒரு சாண் ஆழத்தில் போத்தல் தட்டுப்பட்டது. துடைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். உள்ளே ஆணிகள், குண்டூசிகள், சிவப்பு நூல், ஏதோ ஒரு தண்ணீர். அதில் மிதந்தது ஒரு சுருள் முடி. நீளமாக, கறுப்பாக. அந்த வீட்டில் நீளமான கறுப்பு முடி எனக்கு மட்டும்தான் இருந்தது. சீவி உதிர்ந்த முடியைச் சுருட்டி, துப்பிவிட்டுத்தான் போட வேண்டும் என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். வெள்ளைக்காரர் நாட்டில் இதெல்லாம் எதற்கு என்று கொட்டகைக் குப்பைத் தொட்டியில் அப்படியே போட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்த ஒரே துணை ஒடாஹுஹுவில் மளிகைக் கடை வைத்திருந்த பிஜி அக்கா. அவர் தாத்தா காலத்திலேயே பிஜிக்குக் கரும்பு வெட்டப் போன தமிழ்க் குடும்பம். பாதி ஹிந்தியும் பாதி தமிழுமாகப் பேசுவார். போனில் நான் சொல்லி முடிப்பதற்குள், “அச்சா, அது உன் புள்ளைக்குத்தான் வச்சிருக்கு. வூட்ல வச்சிக்காத. ஒடச்சி, ஓடுற தண்ணில போடு. திரும்பிப் பாக்காத” என்றார். கணவர் வந்ததும் அவரை உட்காரக்கூட விடவில்லை. “நீ படிச்சவ லா” என்று மட்டும் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் காரை எடுத்தார். ஓடைக்கரைப் பாறையில் அடித்து உடைத்தேன். வினிகரும் ரோஸ்மேரியும் கலந்த நெடி அடித்தது. சில்லுகளைத் தண்ணீரில் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

மறுநாள் காலையில் உதிரம் பட்டது.

டாக்டர் படுத்தே இருக்கச் சொன்னார். அதற்கு மேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார். கணவர் வேலைக்குப் போய்விட்டார். சுவரைப் பார்த்தபடி அசையாமல் படுத்திருந்தேன். இருமினால்கூடப் போய்விடும் என்ற பயம். மதியம் வீட்டுக்காரம்மா கதவைத் தட்டிவிட்டு சூப்போடு உள்ளே வந்தார். அவரைப் பார்த்ததும் இத்தனை நாள் அடக்கியதெல்லாம் வெடித்தது. படியின் கீழே வைத்ததைப் பார்த்துவிட்டேன், என் பிள்ளையை எடுக்கப் பார்த்தாய், அதை உடைத்துப் போட்டுவிட்டேன் என்று கத்தினேன்.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் வெளுத்துப்போனது. சூப்பைத் தரையில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். “உடைத்துவிட்டாயா?” என்று கேட்டார். சின்னக் குரல். என்னைவிட அவர் பயந்திருந்தார். அதைப் பார்த்ததும் என் பயம் இரண்டு மடங்காயிற்று.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். காலையில் தோட்டத்து மூலையில் நான் வாந்தி எடுப்பதை ஒரு மாதமாகப் பார்த்திருக்கிறார். அந்த வீட்டில்தான் அவருடைய ஒரே பிள்ளை நான்கு மாதத்தில் தொட்டிலிலேயே போயிருக்கிறது. அன்று கல்லின் மேல் வைத்த பால் அதற்கு. போத்தல் எனக்குக் காவலாம். வாசலைத் தாண்டி வரும் தீங்கு, முடியை வைத்து இதுதான் அவள் என்று ஏமாந்து போத்தலுக்குள் நுழையுமாம், ஆணியில் மாட்டிக்கொள்ளுமாம். அவருடைய அம்மா ஊரில் கர்ப்பிணி இருக்கும் வீட்டில் எல்லாம் வைப்பார்களாம். இடமாக ஏன் சுற்றினீர்கள் என்றேன். இந்த நாட்டில் சூரியன் வடக்குப் பக்கமாகப் போகிறது, சூரியன் போகிற வழியில்தானே நடக்க வேண்டும் என்றார். விஞ்ஞான டீச்சரான எனக்கு அது தோன்றவே இல்லை. “உன்னிடம் கேட்டிருக்க வேண்டும்” என்றார். “பட்டணத்துக்காரர்கள் கேட்காமல் யாருக்கும் எதுவும் செய்யமாட்டார்கள். அவர்களுக்கு அது பெரிய தப்பு. என் அம்மா யாரையும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.”

சற்று நேரம் கழித்து, மறுபடி ஒன்று வைக்கலாமா என்று கேட்டார். இந்த முறை கேட்டார். என் முடி வேண்டாம் என்று அலறினேன். “சரி, என்னுடையதைப் போடுகிறேன்” என்று என் சமையலறைக் கத்தரிக்கோலை எடுத்துப் பின்னலின் நுனியில் நான்கு விரற்கடை வெட்டினார். “ஏமாறுகிறது என்னிடம் வந்து ஏமாறட்டும்.” நான் தலையாட்டினேன். சம்மதத்தில் ஆட்டிய தலை அல்ல, பயத்தில் ஆட்டியது. என் கண் முன்னால் ஆணியும் நூலும் வெள்ளை முடியும் போட்டு, வினிகர் ஊற்றி, தக்கை வைத்து மெழுகு உருக்கி ஊற்றினார். பிறகு வெளியே கொண்டுபோய்ப் படியின் கீழே புதைத்தார்.

உதிரம் இரண்டு நாளில் நின்றது. மாதங்கள் கடந்தன. வயிறு பெரிதானது. நான் அந்தப் படியில் கால் வைக்காமல் தாண்டியே போய் வந்தேன். பிள்ளை பிறக்க மூன்று வாரம் இருக்கும்போது, மழை விட்ட ஒரு காலையில், வீட்டுக்காரம்மா அதே படியில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது என் பக்கம் திரும்பிக் கண் சிமிட்டினார். மகள் ஒரு குறையும் இல்லாமல் பிறந்தாள்.

படி பழையது, பாசி பிடித்தது, அவருக்கு வயதாகிவிட்டது, பூட்ஸ் வழவழத்தது. இத்தனை காரணங்கள் எனக்கும் தெரியும். அன்றிலிருந்து அவற்றை எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். தாடி மெக்கானிக் இரண்டு முறை வந்தார். வீட்டுக்காரம்மா இனி வீடு திரும்பமாட்டார், முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டோம், பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறார் என்றார். இரண்டு முறையும் பிள்ளைக்குச் சளி என்றேன். சளி இல்லை. எனக்குப் பயம். எனக்கு வர இருந்தது அவரிடம் போயிருந்தால், நான் பிள்ளையோடு போய் எதிரில் நின்றால் அது திரும்பிப் பார்க்காதா? அப்படித்தான் நினைத்தேன். வெட்கக்கேடு, ஆனால் அப்படித்தான் நினைத்தேன். அடுத்த குளிர்காலத்தில் அவர் போய்விட்டார். அவருடைய அக்கா மகன் வீட்டை விற்றார். படியை இடித்து சிமெண்ட் போடப் போகிறார்கள் என்று தெரிந்ததும், மனுரேவாவுக்கு நாங்கள் சாமான் ஏற்றிய அன்று அதே குழம்புக் கரண்டியால் போத்தலைத் தோண்டி எடுத்துக்கொண்டேன். விட்டுவிட்டு வரவும் பயம், உடைக்கவும் பயம்.

போன மாதம் சின்ன வீட்டுக்கு மாறுவதற்காகச் சாமான் ஒழித்துக்கொண்டிருந்தோம். மகள்தான் அலமாரியைக் காலி செய்தாள். அவளுக்குத் தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். டின்னைத் திறந்து, துவாலையைப் பிரித்து, போத்தலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அன்று நான் பிடித்ததைப் போலவே. ஆணிகள் நகர்ந்தன. நான் ஓடிப்போய் அவள் கைக்குக் கீழே இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றேன். யாருடைய முடி என்று கேட்டாள். எல்லாவற்றையும் முதல்முறையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. போத்தலைப் பத்திரமாக என் கையில் வைத்தாள்.

“டிட் யூ எவர் தேங்க் ஹர், மா?”

“இல்ல கண்ணு” என்றேன். “பயமா இருந்துச்சு.”