வெளியே போகாத தூசி

காலையில் பட்டறைப் பூட்டில் கை வைப்பதற்கு முன்பே, அக்கா பக்கத்து வீட்டு ஜன்னல் விளிம்பை விரலால் ஒரு தடவு தடவிப் பார்க்கிறார். விரலைக் கண்ணருகே கொண்டுபோய், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி உற்றுப் பார்ப்பார்; சுத்தமாக இருந்தால்தான் சாவி வெளியே வரும்.

பெஞ்சும் மேசையும் செய்கிற மரப்பட்டறை. பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். முதலாளி என்று யாரும் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவர் அக்கா. ஐம்பதைத் தாண்டியவர். காதில் செருகிய பென்சிலை ஊரெல்லாம் தேடுவார். யாரும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள்.

இரண்டு வருஷம் முன்புவரை, மரம் தேய்க்கிற தூளையெல்லாம் எக்ஸாஸ்ட் ஃபேன் சந்துப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. பட்டறை பளிச்சென்று இருந்தது. பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் டீச்சர் ஒருநாள் மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போனார். பார்க்கப்போன அக்காவிடம், "பனிக்காத்து ஒத்துக்கலம்மா" என்றார். அன்று பனியே இல்லை. அக்கா நேரே திரும்பி வந்து ஃபேனை நிறுத்தினார்.

அது பள்ளிக்கூடம் ஒன்றுக்கு நூறு பெஞ்சு கொடுக்க வேண்டிய வாரம். அரைமணியில் பட்டறை மாவு மில் ஆகிவிட்டது. மேஸ்திரி இருமிக்கொண்டே வந்தார்.

"அக்கா, நாங்க மூச்சு விடவா, வேணாமா?"

"அவங்க விட வேணாமா? நம்ம தூசியை நாமதான் பாத்துக்கணும். வழி கிடைக்கிறவரைக்கும் யாரும் தேய்க்காதீங்க."

தூசி உறிஞ்சும் மிஷின் மாட்டுகிறவர்கள் மூன்று மாதம் ஆகும் என்றார்கள். "மரத்தை வளைக்கிற கைக்குத் தகரம் வளையாதா?" என்று அக்காவே இறங்கினார். ஒன்பது நாள். தகரக் குழாய், பழைய மோட்டார், தண்ணீர் ரொப்பிய பீப்பாய். முதல் தடவை பீப்பாய் பொங்கி எல்லோரையும் சேறாக்கியது. இரண்டாம் தடவை தூள் தண்ணீருக்குள் அடங்கியது. பெஞ்சுகள் தாமதமாகப் போயின. பள்ளிக்கூடம் அடுத்த வேலையை வேறு பட்டறைக்குக் கொடுத்துவிட்டது. அக்கா "போகட்டும்" என்றதோடு சரி.

பீப்பாயைக் கழுவச் சொல்லி ஆரம்பத்தில் தினமும் தொண்டை கிழியக் கத்தவேண்டியிருந்ததாம். இப்போது அவர் ஊரில் இல்லாத நாளிலும் அது கழுவிக் கவிழ்த்துக் கிடக்கிறது. பட்டறையைப் பார்க்கப்போன நான், யார் சொல்லிச் செய்கிறீர்கள் என்று மேஸ்திரியிடம் கேட்டேன்.

"இதுக்கு ஒருத்தர் சொல்லணுமா?" என்று என்னைத்தான் முறைத்தார்.

அன்று மாலை, எல்லோரும் கிளம்பியபின் அக்கா தரையை மூலைமுடுக்கு விடாமல் கூட்டி முடித்தார். கதவுவரை போனவர் நின்றார். திறக்கவில்லை. உள்ளே நின்றபடியே தலைமுடியையும் உடுப்பையும் உதறினார். பிறகு துடைப்பத்தை எடுத்து, கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டத் தொடங்கினார்.