அவசரத்துக்கு ஓர் ஆங்கிலச் சொல்

என் அண்ணனுக்குப் பெண் எடுத்தது திருநெல்வேலிப் பக்கம். மைனி, அதாவது அண்ணன் மனைவி, பி.எஸ்ஸி. கணக்கு படித்தவள். ஒன்றாம் வகுப்பு முதல் தமிழ் மீடியம்தான். எங்கள் வீடு கேரள எல்லைக்குள், பாறசாலைக்கும் உதியன்குளங்கரைக்கும் நடுவில். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சண்டை வந்தால் இரண்டும் என்று வளர்ந்தவள் நான். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் தனுவச்சபுரத்தில் பி.ஏ. இங்கிலீஷ் படித்துக்கொண்டிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

கல்யாணமான ஆறாம் மாதம் மைனிக்கு ஒரு வேலை கிடைத்தது. உதியன்குளங்கரை அருகில் புதிதாகத் தொடங்கிய இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கணக்கில் அவளை அசைக்க முடியாது. ஆனால் ஆசிரியர் அறையில் எல்லாரும் இங்கிலீஷில்தான் பேச வேண்டுமென்று தலைமை ஆசிரியை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முதல் வாரம் முழுக்க மைனி அங்கே தண்ணீர் கூடக் கேட்டுக் குடிக்கவில்லை.

"ஏட்டி, தெனம் அஞ்சு வார்த்த சொல்லித் தா. அர்த்தத்தோட. ஒரு வருசத்துல எத்தன ஆவும்னு பாத்துக்கோ" என்றாள். கணக்கு டீச்சர் அல்லவா?

வீட்டில் இருந்தது அட்டை போன ஓர் ஆங்கில–மலையாள அகராதி. மைனிக்கு மலையாள எழுத்து தெரியாது. அதனால் சாயங்காலம் அடுக்களையில் அவள் மரச்சீனிக் கிழங்கைத் தோல் சீவ, நான் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து வார்த்தையையும் அர்த்தத்தையும் வாசிப்பேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு கோடு போட்ட நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வாள். மறுநாள் ஒவ்வொரு வார்த்தையையும் வைத்து ஒரு வாக்கியமாவது பேசிவிடுவாள். கூச்சமே கிடையாது. மீன்காரியிடம்கூட 'ஃப்ரெஷ்னஸ்' பற்றி விசாரித்தாள்.

ஒருநாள் என்னிடம் தன் அண்ணன் குடும்பத்தைப் பற்றிச் சொன்னாள்: "எங்க அண்ணனோட கான்வர்சேஷன் மதுரைக்காரி. நல்லா சமைப்பா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நோட்டைப் பார்த்தேன். 'கான்வர்சேஷன் – சம்சாரம்' என்று இருந்தது. மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. மைனியின் ஊரில் அது மனைவி. நான் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். மைனியும் சிரித்தாள். அந்த ஒரு வரியை மட்டும் திருத்தினோம். வேறு வரிகளும் அப்படி இருக்குமே என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. டீச்சருக்கே டீச்சராக இருக்கிற சந்தோஷத்தில் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் பக்கத்து வீட்டு போனில் செய்தி வந்தது. மைனியின் அப்பாவுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். களியக்காவிளை போய்த் திருநெல்வேலி பஸ் ஏற அண்ணன் ஆட்டோ பிடித்து வந்தான். மைனி அந்தப் பதற்றத்திலும் ஒரு தாளை எடுத்து லீவ் லெட்டர் எழுதி, மடித்து என் கையில் தந்தாள்.

"காலேஜுக்குப் போற வழில கொடுத்திரு."

"நீங்க போங்க மைனி. நான் குடுத்துக்கிடுதேன்."

தலைமை ஆசிரியை பழைய மிஷன் சபைக் குடும்பத்துப் பெண்மணி. இஸ்திரி கலையாத காட்டன் சேலை, மூக்கு நுனியில் கண்ணாடி. கடிதத்தைப் பிரித்து வாசித்தார். புருவம் மேலே போயிற்று. இன்னொரு தடவை வாசித்தார்.

"ரெண்டு நாள்ல வருவாங்களா?" என்று கேட்டார்.

"வருவாங்க மேடம்."

"சரி. எல்லாம் நல்லபடியா நடக்கட்டு."

குரல் கொஞ்சம் வறண்டுதான் இருந்தது. ஆனாலும் எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டே நான் பஸ் ஏறினேன். கடிதத்தில் எல்லாம் இருக்கும் என்ற நினைப்பில், நெஞ்சுவலி பற்றி நானும் எதுவும் சொல்லவில்லை.

அப்பா பிழைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் மைனி நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அலுவலக வராந்தாவில் சான்றிதழ் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு ஒரு புதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். மைனி அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போனாள். பிறகு நடந்ததை அன்று சாயங்காலம் அவளே நடித்துக் காட்டினாள்.

"என்ன டீச்சரே, ஆப்பர்சூனிட்டி என்ன ஆச்சு?" என்று கேட்டிருக்கிறார் தலைமை ஆசிரியை.

"ஆப்பர்சூனிட்டி ஓவர், மேடம். காட் இஸ் கிரேட்."

"அப்போ எப்ப ஜாயின் பண்ணுதீங்க?"

"இன்னைக்கே மேடம். இப்பவே கிளாஸுக்குப் போறேன்."

"இங்க இல்ல டீச்சரே. அங்க."

"எங்க மேடம்?"

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அதற்கு முன் இரண்டு கணக்கு டீச்சர்கள் பாதி வருஷத்தில் வேறு வேலை கிடைத்து விட்டுப் போயிருந்தார்கள். அந்தச் சூடு அவருக்கு ஆறவில்லை. மைனியின் கடிதத்தை எடுத்து நீட்டினார். 'எங்கள் ஊரில் ஒரு ஆப்பர்சூனிட்டி இருப்பதால் இரண்டு நாள் லீவ் வேண்டும்' என்று ஆங்கிலத்தில், முத்து முத்தான எழுத்தில்.

"ஆப்பர்சூனிட்டின்னா என்ன அர்த்தம்னு தெரியுமா?"

"தெரியும் மேடம். அவசரம்."

"அதைத்தானே நானும் கேக்கேன்! நல்ல அவசரம் கிடைச்சா போங்க, யாரும் தடுக்கல்ல. ஆனா மறைக்காம சொல்லணும், கேட்டேளா?"

"எங்க அப்பாவுக்கு நெஞ்சுவலி மேடம். இதுல நல்ல அவசரம், கெட்ட அவசரம்னு உண்டா?"

சொல்லும்போதே மைனிக்கு அழுகை வந்துவிட்டது. தலைமை ஆசிரியை கடிதத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. பரீட்சைக்கு இன்னொரு வாய்ப்பு கொடுத்தாலும் அவசரம்தான், வேலை வாய்ப்பும் அவசரம்தான். இரண்டு மொழியும் தெரிந்த அவருக்கு முதலில் அது உறைத்தது. நாற்காலியிலிருந்து எழுந்து வந்து மைனியின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அய்யோ மக்கா, நான் என்னெல்லாம் நெனச்சிட்டேன்! அப்பாக்கு இப்ப எப்படி உண்டு?"

சுகமாயிருக்கிறார் என்று மைனி சொன்ன பிறகுதான் அவருக்குச் சிரிப்பு வந்ததாம். அடக்கப் பார்த்து, முடியாமல், சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்திருக்கிறார். மைனியின் இடத்துக்கென்று வரச்சொல்லி வராந்தாவில் காத்திருந்த பெண்ணையும் அவர் வெறுங்கையோடு அனுப்பவில்லை. சின்ன வகுப்புகளை அவளுக்குக் கொடுத்தார். அவள் பிறகு மைனிக்கு நல்ல சிநேகிதி ஆனாள்.

மைனி இதையெல்லாம் நடித்துக் காட்டியபோது அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அர்த்தத்தை வாசித்தது நான். என் கையால் கொண்டுபோய்க் கொடுத்ததும் நான். "எனக்க தப்பாக்கும் மைனி" என்றேன்.

"கிறுக்கு. நோட்ட எடு, பாப்போம்" என்றாள்.

முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். 'எமோஷன் – விகாரம்' என்ற இடத்தில் மைனி நெற்றியில் அடித்துக்கொண்டாள். மலையாளத்தில் விகாரம் என்றால் உணர்ச்சி. மைனிக்கு அது அவலட்சணம். முந்தைய வாரம் ஒரு தாயிடம், "உங்கள் மகள் முகத்தில் எமோஷனே இல்லை" என்று ஆங்கிலத்தில் மனமாரப் புகழ்ந்திருந்தாளாம்.

"அதான் அந்தம்மா மூஞ்சி அப்படிப் போச்சா! நாளைக்கே அவங்களப் பாக்கணும்டி."

மறுநாள் சாயங்காலம் அந்த வீட்டைத் தேடிப் போனாள். நானும் போனேன். உங்கள் மகள் அழகு என்றுதான் சொல்ல வந்தேன் என்று மைனி தமிழிலேயே சொல்ல, அந்த அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. "நான் ஒரு வாரமா பிள்ளைய உத்து உத்து பாத்துட்டிருந்தேன் டீச்சரே" என்று சொல்லிப் பால் விடாத கட்டன்சாயா போட்டுத் தந்தார். மகள் கதவுக்குப் பின்னால் நின்று எல்லா எமோஷனோடும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பின் மைனி புது நோட்டு வாங்கினாள். ஒரு பக்கத்துக்கு மூன்று பத்தி: இங்கிலீஷ், மலையாளம், தமிழ். நான் அர்த்தம் வாசித்ததும் "உங்க ஊர்ல இதுக்கு என்ன?" என்று கேட்பேன். அவள் யோசித்துச் சொல்வாள். எனக்குத் தெரியாத தமிழ்ச் சொற்கள் நிறைய அப்படித்தான் என்னிடம் வந்தன. இந்தத் தடவை இஷ்டத்துக்குத் திறக்காமல் 'ஏ'யிலிருந்து வரிசையாகப் போனோம். மழைக்காலத்தில் 'எச்'சுக்கு வந்து சேர்ந்தோம்.

"ஹோம்சிக்" என்று வாசித்தேன். அகராதியில் நீளமாக ஒரு மலையாள விளக்கம் இருந்தது.

"அத வாசிக்காண்டாம். எனக்குத் தெரியும்" என்றாள் மைனி. 'வீட்டு ஏக்கம்' என்று எழுதிவிட்டு, சீவிய மரச்சீனியைத் தண்ணீரில் போட்டாள்.

"அடுத்தது என்னட்டி?"

"ஹோமிசைட்."

"அதுவும் வீடுதானா?"

"இல்ல மைனி. கொலை."

மைனி அடுக்களையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். "மொதல்ல ஹோம்சிக், பொறவு ஹோமிசைட். ஒங்க அண்ணன்ட்ட சொல்லி வை, அடுத்த மாசம் என்னய ஊருக்குக் கூட்டிட்டுப் போவணும்னு."