இடாப்பில் பதினோராவது பெயர்

முதல் நாள் காலையில் இடாப்பைத் திறந்து பதினெட்டுப் பெயர்களைக் கூப்பிட்டேன். மூன்று பிள்ளைகள்தான் பதில் சொன்னார்கள். மிச்சம் பதினைந்து பேரும் என் முன்னால் பாயில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரீச்சர் யாரையோ கூப்பிடுகிறா, பாவம், அவர்கள் யாரும் வரவில்லை என்கிற இரக்கம் அந்த முகங்களில் இருந்தது.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. எல்லாம் தெரியும் என்று நினைக்கிற வயது. கொழும்பில் ஒரு பாலர் பாடசாலையில் இரண்டு வருடம் உதவி ஆசிரியையாக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்தேன். எண்பதுகளின் தொடக்கம் அது. கொழும்புப் பிள்ளைகளிடம் பெயரைக் கேட்டால் வாப்பாவின் பெயர், ஒழுங்கை, வீட்டு இலக்கம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொட்டுவார்கள். அந்த நினைப்போடு கல்முனையில் இடாப்பைத் திறந்ததுதான் நான் விட்ட பிழை.

எங்கள் ஊரில் பிள்ளை பிறந்து ஏழாம் நாள் முடி இறக்கி, அழகான பெயராகப் பார்த்து வைப்பார்கள். அதைப் பிறப்புப் பத்திரத்தில் எழுதி, பத்திரத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டுவார்கள். பெயரும் பத்திரத்தோடு உள்ளே போய்விடும். அதற்குப் பிறகு வீட்டில் கிளி, தங்கம், மனே, சின்னவாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். என் பதினெட்டுப் பேரில் கிளிகள் மட்டும் ஐந்து. நானும் இதே ஊரில் ஒரு கிளியாக வளர்ந்தவள்தான். இரண்டு வருடத்தில் அதை மறந்துவிட்டேன் என்பது எனக்கே வெட்கமாக இருந்தது.

பாலர் பாடசாலைக்கு இடம் தந்தவர் மரைக்கார் மாமா. பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர், மரைக்கார் என்பது அந்தப் பதவிதான், பெயர் இல்லை. நாவிதன்வெளிப் பக்கம் வயல்காரர். அவருடைய வீட்டோடு ஒட்டி ஒரு நெல் அறை இருந்தது. தை மாதத்தில் அது காலியாகக் கிடந்தது. நான் போய்க் கேட்டபோது அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வெள்ளாமை வெட்டி மூடை வருமட்டும் வெச்சிரி. அதுக்குள்ள இந்தப் புள்ளைகள் என்னத்தப் படிச்சிரிக்கி எண்டு பாப்பன். ஆட்டமும் பாட்டும்தான் எண்டா அறையத் தந்திரணும்."

"வெள்ளாமை வெட்டுறதுக்குள்ள ஒவ்வொரு புள்ளையும் தன்ட பேரையும் வாப்பாட பேரையும் ஆரு கேட்டாலும் சொல்லும் மாமா. சொல்லாட்டி நானே அறையப் பூட்டித் திறப்பக் கொண்டந்து தாறன்" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. "பேர் என்னத்துக்குப் புள்ள? கலியாணத்துக்குக் காவின் எழுதக்குள்ள ஒருக்கா வேணும். மவுத்து அறிவிக்கக்குள்ள ஒருக்கா வேணும். நடுவில என்னத்துக்கு?"

அவருடைய மகள்வழிப் பேத்திதான் என் இடாப்பில் பதினோராவது. எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குத்தான் போகும். ஆகவே மகளும் பேத்தியும் அவரோடுதான் இருந்தார்கள். மருமகன் சவூதியில் வேலை. பேத்தியைச் சேர்க்க வந்த அன்று தாயிடம், "புள்ளைட வாப்பாட பேர்?" என்று கேட்டேன். அவள் முகம் சிவந்துபோனது. புருஷன் பெயரை வாயால் சொல்கிற வழக்கம் எங்கள் பெண்களுக்கு இல்லை. "பொறுங்க ரீச்சர்" என்று வீட்டுக்குள் ஓடி, சவூதியிலிருந்து வந்த கடித உறையைக் கொண்டுவந்து, அனுப்புநர் பெயரில் விரலை வைத்தாள். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புக்கு நான் பிறகு விலை கொடுத்தேன்.

பிள்ளையிடம் கேட்டேன். "உன்ட வாப்பாட பேர் என்ன?"

"வாப்பா."

"எங்க இரிக்கார்?"

"றேடியோக்குள்ள."

அவள் சொன்னது பொய்யில்லை. கடிதம் எழுதச் சோம்பல்பட்ட அந்த மனிதர் கசெட்டில் பேசி உறையில் போட்டு அனுப்புவார். வெள்ளிக்கிழமை பின்னேரம் குடும்பமே சுற்றி உட்கார்ந்து கேட்கும். பிள்ளை பிறந்து நாற்பது நாளில் அவர் போய்விட்டதால், அவள் அறிந்த வாப்பா அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தார்.

நான் சும்மா விடுகிற ஆள் இல்லை. கடற்கரைக்குப் போய் ஒரு பை நிறையச் சிப்பி பொறுக்கி வந்தேன். ஒரு வெறும் பால்மா டின்னைக் கழுவி மேசையில் வைத்தேன். பெயரைக் கூப்பிட்டதும் பிள்ளை எழும்ப வேண்டும், "இரிக்கன் ரீச்சர்" என்று சொல்ல வேண்டும், முன்னால் வந்து என் உள்ளங்கையிலிருந்து ஒரு சிப்பியை எடுத்து டின்னுக்குள் போட வேண்டும். சிப்பி விழுகிற சத்தத்துக்காகவே அவர்கள் பெயரைப் படித்தார்கள். இரண்டு கிழமைக்குள் தங்கள் பெயர் மட்டுமல்ல, யாருக்குப் பிறகு யார் என்பதும் பாடமாகிவிட்டது. ஒருவரைத் தாண்டிப் போனால் பெரிய சண்டைதான்.

மற்றபடி எங்கள் நாள் எல்லா நாளையும் போலத்தான். நெல் தூசிக்கு ஒருவன் தும்மினால் பதினெட்டுப் பேரும் தும்முவார்கள், பாதி நடிப்பு. களிமண்ணில் மீன் செய்யச் சொன்னால் சோறு செய்வார்கள். பத்து மணிக்குத் தின்னப் பணிஸ். பத்தேகாலுக்கு யாராவது ஒருவருடைய சட்டை நனைந்திருக்கும், அதைக் கழுவி வேலியில் போடுவேன். பதினொன்றரைக்கு உம்மாமார் வாசலில் நின்று கிளி, கிளி என்று கூப்பிடுவார்கள். ஐந்து கிளிகளும் சேர்ந்து ஓடுவார்கள்.

ஆனால் ஒரு விசயத்தை நான் யாரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தேன். கூப்பிட்டால் பதில் சொல்கிற பிள்ளைகள், கேட்டால் சொல்ல மாட்டார்கள். ஒருநாள் தபால்காரரை உள்ளே கூப்பிட்டு, "உங்கட பேர் என்ன?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்கச் சொன்னேன். முன்வரிசை முழுக்க வாயில் கொழுக்கட்டை. பதினோராவது அவருடைய சைக்கிளின் மணியைக் காட்டி, "அடிங்க" என்றாள். நான் மரைக்கார் மாமாவிடம் சொன்ன வாக்கு, யார் கேட்டாலும் என்பது. வயலில் வெட்டுத் தொடங்கிவிட்டது என்று கேள்விப்பட்ட அன்று அறைத் திறப்பைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன். வெளியே தலையை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தேன்.

அந்த வருடம் வெள்ளாமை வெட்டும் கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றமும் ஒன்றாக வந்தன. கொடியேறுகிற பின்னேரம் கடற்கரையில் மணல் தெரியாத சனம். வறுத்த கச்சான், முஸ்கத் இனிப்பு, பலூன், கண்ணாடிக் காப்புக் கடைகள். நான் உம்மாவோடு முஸ்கத் வாங்கிக்கொண்டு நின்றேன். அப்போதுதான் பதினோராவதின் தாய் முக்காடு நழுவியது தெரியாமல் ஓடி வந்தாள்.

"கிளி! கிளியக் கண்டீங்களா ரீச்சர்? கையில பிடிச்சிக்கிட்டு நிண்டன், காணல்ல ரீச்சர்!"

அவள் "கிளி" என்று கத்தும்போதெல்லாம் கடற்கரையில் பத்துப் பிள்ளைகளாவது திரும்பிப் பார்த்தார்கள். எவளும் எங்கள் கிளி இல்லை. கடலில் அலை பெரிதாக அடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பக்கம் பார்க்காமலிருக்கப் பார்த்தோம்.

மேடையில் இருந்த மரைக்கார் மாமாவுக்கு விசயம் போய்விட்டது. அவர் மைக்கை இழுத்தார். "என்ட கிளி... மஞ்சள் சட்ட போட்ட கிளி... எங்க தங்கம் நிக்கிற?" என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டார். கீழே நின்ற ஒருவர், "புள்ளைட பேரச் சொல்லுங்க ஹாஜியார்" என்றார். மாமா வாயைத் திறந்தார். பேத்தியின் பெயர் அவருக்கு வரவில்லை. ஏழாம் நாள் அவரே வைத்த பெயர் அது.

நான் சனத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு மேடையடிக்குப் போனேன். "மைக்கத் தாங்க மாமா."

"பொம்புளப் புள்ளையா மைக்கில கதைக்கிற?" என்று பின்னால் யாரோ கேட்டார்கள். மாமா கடலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மைக்கை என் கையில் தந்து, "கதை புள்ள" என்றார்.

பதினோராவது பெயரைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன். இல்லை. அப்போதுதான் உறைத்தது. அவள் எந்த நாளும் தனியாகப் பதில் சொன்னவள் இல்லை. பத்தாவது பையன் சிப்பி போட்ட பிறகுதான் எழும்புவாள்.

இடாப்பு எனக்கு மனப்பாடம். முதலாவது பெயரிலிருந்து தொடங்கினேன். தூரத்தில் வாப்பாவின் தோளில் இருந்த ஒருவன், "இரிக்கன் ரீச்சர்!" என்று கத்தினான். சனம் சிரித்தது. இரண்டாவது பதில் பலூன்காரனிடமிருந்து வந்தது. மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் சிரிப்பு அடங்கிவிட்டது. ஏழாவது வரவில்லை, அவளுக்குக் காய்ச்சல், வீட்டில் என்று தாய் குரல் கொடுத்தாள். பத்தாவது பையன் வாய் நிறையக் கச்சானோடு, "இரிக்கன்" என்றான்.

பதினோராவது பெயரைச் சொன்னேன். என் மூச்சு ஒலிபெருக்கியில் எனக்கே கேட்டது.

காப்புக் கடைப் பக்கம் சலசலப்பு. ஒரு காப்புக்காரி மஞ்சள் சட்டையை இறுகப் பிடித்தபடி வந்தாள். "இம்மட்டு நேரமும் என்ட சாக்குக்குப் பக்கத்தில குந்தியிருக்கா. பேர் என்ன, பேர் என்ன எண்டு கேட்டு வாய் வலிச்சிட்டு. இப்ப டக்கெண்டு எழும்பி, இரிக்கன் ரீச்சர் எண்டுட்டு ஓடுறா!"

பிள்ளை அழவில்லை. நேரே என்னிடம் வந்து என் உள்ளங்கையைப் பார்த்தாள். சிப்பி இல்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. குனிந்து மணலிலிருந்து ஒன்றைப் பொறுக்கிக் கொடுத்தேன். அதற்குள் பன்னிரண்டாவது பையன், தன் பெயரைக் கூப்பிடவில்லை என்று எங்கோ ஒப்பாரி வைக்கத் தொடங்கியிருந்தான். பதினெட்டு வரைக்கும் கூப்பிட்டு முடித்துத்தான் மைக்கைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஊர் என்னைப் புகழ்ந்தது. நான் அதை நன்றாக அனுபவித்தேன், மறைக்கவில்லை. ஆனால் கணக்கு எனக்குத் தெரியும். காப்புக்காரி கேட்டபோது பிள்ளை சொல்லவில்லை. அடுத்த கிழமை நெல் மூடை ஏற்றிய பெட்டியை இழுத்துக்கொண்டு உழவு மெசின் வாசலில் வந்து நின்ற காலையில், நான் திறப்பை எடுத்துக்கொண்டு மாமாவிடம் போனேன்.

"ஆரு கேட்டாலும் சொல்லும் எண்டு சொன்னன் மாமா. கேட்டதுக்குச் சொல்லல்ல. நான் தோத்துட்டன்."

அவர் திறப்பை வாங்கவில்லை. மெசின்காரர்களிடம், "மூடைய வீட்டு மண்டபத்தில அடுக்குங்க" என்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு நெல் அறைக்குள் வந்து, பாயின் ஓரத்தில் பிள்ளைகளோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

நான் இடாப்பைக் கூப்பிட்டேன். பதினெட்டுச் சிப்பியும் விழுந்தன. இடாப்பை மூடப்போனபோது அவர், "என்ட பேரையும் ஒருக்கா கூப்பிடு புள்ள" என்றார். "உம்மா மவுத்தானதுக்குப் பிறகு அந்தப் பேரச் சொல்லி ஆரும் கூப்பிடல்ல."

அவர் பெயர் எனக்குத் தெரியும். பள்ளிவாசல் அறிவித்தல்களில் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். ஆனால் வாப்பாவின் வயதுள்ள மனிதரின் பெயரை அவர் முகத்துக்கு முன்னால் சொல்ல என் நாக்கு எழும்பவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே அவருடைய மகள் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். கடித உறையை நினைத்திருப்பாள். எனக்குக் காது சுட்டது.

நிலத்தைப் பார்த்துக்கொண்டு கூப்பிட்டேன்.

அவர் முழங்காலில் கையை ஊன்றி மெதுவாக எழும்பினார். "இரிக்கன் ரீச்சர்" என்றார். அப்படியே நின்றார். அடுத்தது என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

பதினோராவது எழும்பி வந்து, என் கையிலிருந்து ஒரு சிப்பியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"டின்னுக்குள்ள போடுங்க மூத்தாப்பா" என்றாள்.