நாளைக்கு அடிக்கும் காற்று

நாளைய காற்றை இன்றே எழுதிக் கொடுப்பது ஜெயப்பிரியாவின் வேலை. மலைமேல் வடகவுஞ்சியில் அவள் வீட்டு மேற்கு ஜன்னலோரம் மேசை. மேசையில் கம்ப்யூட்டர்.

கீழே சமவெளியில் நிற்கும் காற்றாலைகள் நாளை ஒவ்வொரு கால் மணி நேரத்திலும் எவ்வளவு மின்சாரம் தரும் என்று அவள் சொல்ல வேண்டும். முன்பு இப்படிச் சொல்ல வேண்டியதில்லை. காற்று அடித்தபோது வந்ததை மின்வாரியம் எடுத்துக்கொண்டது. பிறகு சந்தை திறந்தது. நூற்பாலைக்கும் விற்கலாம், வேறு ஊருக்கும் விற்கலாம் என்று ஆனது. ஒழுங்குமுறை ஆணையம் கூடவே ஒரு விதி போட்டது. விற்பவர் தருவதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொன்னது பிசகினால் அபராதம். அந்த விதியில்தான் ஜெயப்பிரியாவின் சம்பளம் இருக்கிறது.

கம்பெனி கோயம்புத்தூரில். அங்கே இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, இந்தக் காற்றுக் காலத்துக்கு மட்டும் ஊரிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்டாள். மேனேஜர் குமரகுரு கொடுத்தார். பெரிய தப்பு ஒன்று வந்தால் மறுபடி கோயம்புத்தூர், ஹாஸ்டல் அறை. அதுதான் பேச்சு.

அம்மா வேலுத்தாய் மலைப்பூண்டு போடுகிறாள். மகளின் வேலையில் அவளுக்கு நம்பிக்கை இல்லை.

"வராத காத்தை விக்கிறேங்கிற. விக்கிறவளுக்குக் கிறுக்கா, வாங்குறவனுக்குக் கிறுக்கா?"

"நீ மட்டும் மண்ணுக்குள்ள கெடக்குற பூண்டை இப்ராம்சா மாமாவுக்கு விக்கலையா?"

இப்ராம்சா பழனி கடைவீதி வியாபாரி. அறுவடைக்கு முன்பே வந்து தோட்டத்தோடு விலை பேசிவிட்டுப் போவார்.

"அவரு நாலு செடியைப் பிடுங்கிப் பாத்துட்டுல்ல வெல சொல்லுறாரு. நீ எதைப் பிடுங்கிப் பாத்த?"

ஆடி மாதத்தில் ஒருநாள், மத்தியானத்துக்கு மேல் கீழே காற்று குறையும் என்று கம்ப்யூட்டர் சொன்னது. ஜன்னலுக்கு வெளியே அப்படித் தெரியவில்லை. மேற்கிலிருந்து மேகம் மலைவிளிம்பைத் தாண்டி ஓடி வந்துகொண்டிருந்தது. யூகலிப்டஸ் மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. வடகவுஞ்சிக்காரர்கள் அந்த மேகத்தைப் பார்த்தால் கொடியில் கிடக்கும் துணியை எடுப்பார்கள், தகரக் கூரையில் கல் ஏற்றுவார்கள்.

"ஏத்தா, வெரசா வந்து ஒரு கை குடு. இன்னைக்குக் கொட்டாயைப் பிச்சுக்கிட்டுப் போகப் போகுது" என்று வேலுத்தாய் கூப்பிட்டாள்.

இருவரும் பூண்டுக் கொட்டகை மேல் கல் வைத்தார்கள். திரும்பி வந்ததும் ஜெயப்பிரியா மத்தியானக் கணக்கை உயர்த்தினாள். அன்றைய கணக்கைக் கொஞ்சம் முன்னதாகத் திருத்திக்கொள்ள விதியில் இடம் உண்டு.

மத்தியானம் மலையில் காற்று ஊளையிட்டது. திரையில் காற்றாலைகளின் எண்கள் ஒவ்வொன்றாக இறங்கின. கருவிக் கோளாறு என்று நினைத்துக் கீழே காற்றாலைக் காவலாளி நல்லசாமிக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, காத்தாடி சுத்துதா?"

"எங்க சுத்துது, றெக்கை மேல காக்கா உக்காந்திருக்குதுங்க. வேப்பெல அசையலை."

"இங்க கூரையே பறக்குதுண்ணே."

"அப்ப காத்தாடியை அங்கயே நட்டிருக்கோணும்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த மேகம் மலையின் உயரத்தில் ஓடும் மேகம். அதைத் தள்ளும் காற்று சமவெளியின் தலைக்கு மேலாகப் போய்விடுகிறது. கீழே பிறந்தவள் யாரும் அந்த மேகத்தை நம்பிக் கணக்கை மாற்றியிருக்க மாட்டாள்.

ஒரு தாலுகாவுக்குப் போதுமான மின்சாரத்தைத் தருவதாக எழுதியிருந்தாள். அது இல்லை. திரையின் மூலையில் ஓர் எண் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். நாட்டின் மின் உற்பத்தி இயந்திரங்கள் எல்லாம் ஒரே தாளத்தில் சுழல்கின்றன. அந்தத் தாளத்தின் எண் அது, ஐம்பது. மின்சாரம் குறைந்தால் அது இறங்கும். தினமும் கண்ணில் பட்டாலும் அவள் அதைப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள். ஐம்பதுக்கு ஒரு மயிரிழை கீழே. பிறகு ஐம்பது. பிறகு ஒரு மயிரிழை மேலே. அவள் விட்ட பள்ளம் அதில் தெரியவே இல்லை.

சமையலறையில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. போய் நின்று கேட்டாள். சத்தத்தில் ஒரு தொய்வு இல்லை. எங்கோ ஓர் அணையில் கூடுதலாகத் தண்ணீர் பாய்ந்திருக்கும். எங்கோ நிலக்கரி கொஞ்சம் அதிகமாக எரிந்திருக்கும். எங்கோ மணல்வெளியில் வெயில் மின்சாரமாகியிருக்கும். எதற்கும் அவளைத் தெரியாது. அவள் கைகளில் மயிர் சிலிர்த்தது.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"நான் தாரேன்னு சொன்ன கரண்டு வரலைம்மா. ஆனா உன் மிக்சி நிக்கலை."

"அதுக்கென்ன. நம்ம பூண்டு கொறைஞ்சா இப்ராம்சா பூம்பாறைத் தோட்டத்துல ஏத்தி லோடை நெரப்பிக்கிருவாரு."

"அதுக்கு லாரி போயிட்டு வரணும். இது கண்ணு இமைக்கலைம்மா. யாருக்கும் தெரியக்கூட இல்லை."

வேலுத்தாய் மிக்சியை நிறுத்தினாள். மறுபடி போட்டாள். மூடிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே நின்றாள்.

"நெசமாவா சொல்ற?"

போன் அடித்தது. குமரகுரு.

"ஏனுங்க ஜெயப்பிரியா, மத்தியானக் கணக்கை ஏத்துனது சிஸ்டமா, நீங்களா?"

சிஸ்டம் என்று சொல்லியிருக்கலாம்.

"நான்தான் சார். மேகத்தைப் பாத்து ஏத்திட்டேன்."

"மேகத்தையா? எங்கிருந்து பாத்தீங்க?"

"ஜன்னல்ல இருந்து."



"இங்க கோயம்புத்தூர்ல உங்க சீட்டுக்கு முன்னால என்னங்க இருந்துச்சு?"

"செவுரு சார்."

"அதானுங்க ரெண்டு வருசம் ஒரு தப்பும் வரலை. அபராதம் கட்டித்தான் ஆகோணும். மொதலாளி கேப்பாரு. நான் என்னன்னு சொல்லட்டும்?"

"செவுத்தைப் பாத்துத் திரும்பி உக்காந்துட்டாள்னு சொல்லுங்க சார்."

அவர் சிரித்தாரா, பெருமூச்சு விட்டாரா என்று தெரியவில்லை.

"இன்னொருக்கா மேகம் பாத்தீங்கன்னா அன்னிக்கே பஸ் ஏறீருங்க."

அம்மாவும் மகளும் மேசையைத் தூக்கி உள்சுவரோரம் போட்டார்கள். மறுநாள் விடிந்ததும் ஜெயப்பிரியா அங்கே உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் கொட்டகைத் தகரம் தடதடத்தது. வேலுத்தாய் ஜன்னலில் நின்றாள்.

"ஏப்புள்ள, என்னமா ஓடுது இன்னைக்கு. ஒருக்காத் திரும்பித்தான் பாரேன்."

"பாக்கக் கூடாதும்மா."

"கழுத்தத் திருப்புனாக் கூடவா அபராதம்?"

"ஆமா."

கம்ப்யூட்டர் சொன்னபடியே, நாளை மத்தியானத்துக்குக் காற்று குறைவு என்று எழுதினாள். மேகம் வீட்டுக்கு மேலாகப் போய்க்கொண்டிருந்தது. திரையின் மூலையில் அந்த எண் ஐம்பதைத் தொட்டது, விலகியது, தொட்டது.