மூன்றரை மணிக்கு வைத்த இறுதியாட்டம்

அந்தக் கோடைச் சிறுபோக நெற்காலத்தில் எங்கள் குடியேற்றத்து விளையாட்டுக் கழகம், உதைபந்தாட்ட இறுதியாட்டத்தின் தொடக்க நேரத்தை ஐந்து மணியிலிருந்து மூன்றரை மணிக்கு மாற்றியது. காரணம் மண்ணெண்ணெய். இத்தனை வருஷம் கழித்தும் இதை நினைத்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. எரிச்சல்பட எனக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதினால் படிப்பவரும் ஒப்புக்கொள்ளக்கூடும்.

நாங்கள் இரணைமடுக் குளத்தின் கீழ்க் காணி பெற்று யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். காடு வெட்டிய கையோடு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு மைதானத்தையும் வெட்டினோம். பகல் முழுவதும் வயலில் நிற்பவர்களுக்கு ஐந்து மணிதான் விளையாடத் தோதான நேரம். ஆனால் ஐந்து மணிக்குத் தொடங்கும் ஆட்டம் பொழுதுபடும் வேளையில்தான் முடியும். அதன் பிறகு பரிசளிப்பு, தலைவர் உரை, விருந்தினர் உரை, நன்றியுரை. எல்லாவற்றுக்கும் வெளிச்சம் வேண்டும். இறுதியாட்டத்துக்கு மட்டும் கிளிநொச்சிச் சந்தியிலிருந்து பெற்றோமக்ஸ் விளக்குகளை வாடகைக்கு எடுத்து, மைதானத்தைச் சுற்றிக் காட்டுத்தடிகளில் தொங்கவிடுவோம். ஆட்டம் சமநிலையில் முடிந்தால் மேலதிக நேரமும் அந்த வெளிச்சத்தில்தான். சோளகத் தென்மேற்குக் காற்றில் விளக்குகள் ஆடும். ஒரு பந்துக்கு நாலு நிழல் விழும். ஆனாலும் ஆடினார்கள்.

அந்த வருஷம் மண்ணெண்ணெய் விலை கூடியிருந்தது. விளக்குக்காரரும் வாடகையைக் கூட்டினார். எங்கள் கழகத் தலைவர் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். ஒரு பொருளை வாங்காமல் விடுவதில் அவருக்குத் தனி இன்பம் இருந்தது. பள்ளிக்கூட வகுப்பறையில் கூடிய கூட்டத்தில் அவர் எழுந்து, சூரியன் வாடகை கேட்பதில்லை என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மூன்றரைக்குத் தொடங்கினால் பரிசளிப்பும் பகல் வெளிச்சத்தில் முடிந்துவிடும், ஒரு போத்தல் எண்ணெயும் தேவையில்லை என்று கணக்குக் காட்டினார். சிரித்தவர்கள் அப்படியே கையையும் உயர்த்தினார்கள்.

நான் உயர்த்தவில்லை. இறுதியாட்டம் சனிக்கிழமை. சனிக்கிழமை என் தண்ணீர் முறை.

சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீரைக் கிழமைக்கு ஒரு முறை, இன்ன வயலுக்கு இன்ன நேரம் என்று பிரித்து விடுவார்கள். எனக்கு விழுந்தது மத்தியானம் தொடங்கி நாலரை மணி வரை. என் வயலில் தெற்கு மூலை மேடு. காணி வெட்டித் தந்தவர்கள் அதைச் சரியாக மட்டம் தட்டவில்லை. நானும் இரண்டு போகமாக முயன்று தோற்றிருந்தேன். தண்ணீர் பள்ளத்தை முதலில் நிரப்பும். கடைசி ஒரு மணித்தியாலத்தில் உள்வரம்பை வெட்டிப் பள்ளத்துத் தண்ணீரை மறித்துத் திருப்பினால்தான் மேட்டில் ஏறும். அப்போது கதிர் வெளியே வரும் பருவம். அந்தப் பருவத்தில் ஒரு முறை தவறினால் அடுத்த கிழமை விடும் தண்ணீர் வைக்கோலுக்குத்தான் உதவும்.

ஐந்து மணி ஆட்டமென்றால் நாலரைக்கு மடையை அடைத்துவிட்டுக் காலைக் கழுவிக்கொண்டு ஓடிவரலாம். மூன்றரை என்றால் மேடு போயிற்று. இதைக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன்.

"தம்பி, ஒரு ஆளின்ரை தண்ணிக்காக ஊரின்ரை ஆட்டத்தை மாத்தேலாது," என்றார் மனேச்சர்.

மாற்றியது அவர். மாற்ற வேண்டாம் என்று கேட்டது நான். இதை நான் சொல்லி முடிப்பதற்குள் கூட்டம் ஆட்டக்காரருக்கு வாங்கும் சோடா பற்றிய பேச்சுக்குப் போய்விட்டது.

ஆட்டத்தை விட்டுவிட்டிருக்கலாமே என்று கேட்கலாம். எங்கள் அணி இறுதியாட்டத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. நான் பின்வரிசையில் ஆடுபவன். எங்களிடம் கால் சரியாக இருந்தவர்கள் மொத்தம் பதினொரு பேர். இடையில் ஆள் மாற்றும் வழக்கமும் அப்போது இல்லை. நான் வராவிட்டால் பத்துப் பேர் ஆட வேண்டும். தோற்றால் காலம் முழுவதும் அதற்கு நான்தான் காரணம்.

ஆகவே தண்ணீர் முறை பார்க்கும் விதானையாரிடம் போனேன். ஒரு மணித்தியாலம் முன்னதாக என் மடையைத் திறக்கக் கேட்டேன். அவர் நியாயமான மனிதர். அதுதான் இடைஞ்சலாகப் போயிற்று. எனக்கு முன்னால் இருப்பவனுடைய நெல்லிலும் கதிர் வருகிறது, அவனுடைய தண்ணீரை எடுத்து எனக்குத் தந்தால் நாளைக்கு என்னுடையதை எடுத்து இன்னொருவனுக்குக் கொடுக்க வேண்டும் என்றார். உள்வரம்பை வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட அயல் வயல்காரர்களைக் கேட்டேன். ஒருவர் மிச்சமில்லாமல் எல்லோரும் ஆட்டம் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். அதுவும் எனக்கு உற்சாகம் தருவதற்காகத்தான் என்றார்கள்.

என் மனைவிக்கு அப்போது நிறைமாதம். தான் போய் வரம்பில் இருப்பதாகச் சொன்னாள்.

"நீர் இருந்து என்ன செய்யிறது? மண்வெட்டி பிடிக்கப் போறீரோ?" என்றேன்.

"அப்ப ஆட்டத்தை விடுங்கோ," என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேண்டாம், போங்கோ. போகாட்டில் அறுவடை வரைக்கும் என்னோடை கொதிச்சுக்கொண்டு இருப்பியள்," என்றாள்.

சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து வயலில் நின்றேன். மூன்று மணிக்குப் பள்ளம் பாதிதான் நிரம்பியிருந்தது. அந்த நிலையில் உள்வரம்பை வெட்டினால் பள்ளமும் கெடும், மேடும் நனையாது. வெட்டாமல் மண்வெட்டியை வரம்பில் குத்திவிட்டு மைதானத்துக்குப் போனேன்.

மூன்றரைக்கு நாங்கள் பதினொரு பேரும் சட்டை மாட்டிக்கொண்டு நின்றோம். எதிரணி முல்லைத்தீவுக் கரையிலிருந்து லொறியில் வந்திருந்தது. விடியற்புறம் நாயாற்றுப் பக்கம் வலை இழுத்தவர்கள் பாதிப்பேர்; சந்தையில் கடை வைத்திருந்த முஸ்லிம் இளைஞர்கள் மீதிப்பேர். மூன்றரை என்று சொன்னதால் கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு, மத்தியானச் சோறும் தின்னாமல் வந்து, பாலை மரத்தின் கீழ் மடங்கிக் கிடந்தார்கள். வெயில் தலையைப் பிளந்தது. காற்று மைதானத்துப் புழுதியை வாரி எங்கள் வாயில் போட்டது. நடுவர் விசிலை வாயில் வைத்தபடி நின்றார். ஊதவில்லை.

பிரதம விருந்தினர் வரவில்லை. காணிக் கந்தோரின் பெரிய அதிகாரி அவர். இறுதியாட்டத்தில் விருந்தினர் வந்து இரண்டு அணிக்கும் கைகொடுத்த பிறகுதான் பந்தை உதைப்பது எங்கள் வழக்கம். மனேச்சர் றோட்டைப் பார்த்தபடி, இப்ப வந்திடுவார் என்றார். நாலு மணிக்கும் அதையே சொன்னார். வயலுக்கு ஓடிவிட்டு வரட்டுமா என்று நான் இரண்டு தடவை கேட்டேன். கைகொடுக்கிற நேரம் பத்துப் பேர் நின்றால் மரியாதையில்லை, இப்ப வந்திடுவார் என்று மறித்தார். எனக்கு வயல் அரை மைல். அங்கே பள்ளம் நிரம்பி, தண்ணீர் உள்வரம்பில் முட்டிக்கொண்டு நிற்கும் நேரம். ஒரு ஆள், ஒரு மண்வெட்டி, கால் மணித்தியாலம். அவ்வளவுதான் தேவை. புல் திட்டில் குந்தியிருந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினேன்.

எதிரணித் தலைவர் எழும்பி வந்தார். கடற்காரர், கரகரத்த குரல்.

"அண்ணை, ஆட்டம் இண்டைக்கோ, நாளைக்கோ? நாளைக்கெண்டால் சொல்லுங்கோ, நாங்கள் போய் நித்திரை கொள்ளுவம்."

மனேச்சர் எண்ணெய்ச் செலவைக் குறைப்பதற்காக நேரத்தை முன்னுக்குத் தள்ளிய கதையை அவருக்குப் பெருமையாகச் சொன்னார். விளக்கு வாடகையையும் சொன்னார்.

"லாம்புக்கோ இந்தப் பாடு?" என்றார் அவர். "எங்கடை வள்ளங்களிலை ராத்தொழிலுக்குக் கொண்டுபோற லாம்பு எத்தினை கிடக்கு. ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் லொறியிலை போட்டுக்கொண்டு வந்திருப்பமே. எண்ணெயும் விட்டுத்தான்."

எங்களில் ஒருவருக்கும் அவர்களைக் கேட்கத் தோன்றவில்லை. எதிரணியிடம் விளக்குக் கேட்பது கழகத்துக்கு இழுக்கு என்று மனேச்சர் பிறகு விளக்கம் சொன்னார்.

நாலரை ஆகிற நேரத்தில்தான் உண்மை வெளியே வந்தது. கழகச் செயலாளர் பள்ளிக்கூட வாத்தியார். அவரிடம் விருந்தினருக்கு என்ன நேரம் சொன்னது என்று நேராகக் கேட்டேன். அவர் மனேச்சரைப் பார்த்தார். மனேச்சர் றோட்டைப் பார்த்தார்.

"அஞ்சு மணி," என்றார் வாத்தியார்.

அழைப்பு முதலே போய்விட்டதாம். அதன் பிறகுதான் நேரம் மாறியதாம். அவ்வளவு பெரிய மனிதருக்கு ஆள் அனுப்பி, வெயிலோடு வாருங்கோ என்று எப்படிச் சொல்வது? மரியாதை இல்லை. ஆகவே அவரை விட்டுவிட்டு ஊருக்கெல்லாம் மாற்றிவிட்டார்கள். அவர் எப்படியும் கொஞ்சம் முந்தி வருவார் என்று நம்பினார்களாம். வாழ்நாளில் எந்த அதிகாரி முந்தி வந்ததை இவர்கள் கண்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

நான் வயலுக்கு ஓடத் திரும்பினேன். அப்போதுதான் விதானையாரின் சைக்கிள் வந்தது. ஆட்டம் பார்க்க வருகிறார். பின்னால் மண்வெட்டி கட்டியிருந்தது. என் மடையை அடைத்துவிட்டு நேரே வருகிறார் என்பது சொல்லாமலே தெரிந்தது.

"மேட்டிலை ஏறேல்லைத் தம்பி," என்றார். "உள்வரம்பிலை வந்து முட்டிக்கொண்டு நிண்டது. பாத்துக்கொண்டுதான் நிண்டனான்."

"ஒரு வெட்டு வெட்டி விட்டிருக்கலாமே, விதானையார்."

"அடுத்தவன்ரை வரம்பிலை நான் மண்வெட்டி வைக்கிறதோ? இண்டைக்கு உமக்கு நல்லதெண்டு வெட்டினால், நாளைக்கு ஒருத்தன் கெட்டதுக்கு வெட்டிப்போட்டு என்ரை பேரைச் சொல்லுவான்."

வன்னியில் வயல் செய்கிற ஒருவரும் இதற்கு மறுத்துப் பேச மாட்டார்கள். திரும்பிப் போய் வரிசையில் நின்றேன்.

ஐந்து மணி கடந்து விருந்தினர் வந்தார். வெள்ளைச் சட்டை, குளித்த முகம். கைகொடுத்துக்கொண்டு வந்தவர் என்னிடம் நின்று, ஆட்டம் தொடங்க முதலே ஏன் எல்லோரும் இவ்வளவு களைத்துப் போயிருக்கிறீர்கள் என்று அன்போடு விசாரித்தார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. அவருக்குச் சொன்ன நேரத்துக்குத்தான் அவர் வந்தார்.

ஆட்டத்தைப் பற்றி எழுத அதிகமில்லை. காய்ந்து கருகியிருந்த இருபத்திரண்டு பேர் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டோம். அவர்கள் ஒன்று அடித்தார்கள். நாங்கள் ஒன்று அடித்தோம். மேலதிக நேரம் ஆட வேண்டும். ஆனால் அதற்குள் பந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. விளக்கு ஒன்றுகூட எடுக்கவில்லை. வாத்தியார் வீட்டு அரிக்கன் லாம்பைக் கொண்டுவந்து, அதன் கீழே இரண்டு அணியும் கூட்டு வெற்றியாளர் என்று அறிவித்தார்கள். கிண்ணம் ஆறு மாதம் அவர்களுக்கு, ஆறு மாதம் எங்களுக்கு. முகம் தெரியாத இருட்டில் நின்று மனேச்சர் தலைவர் உரை ஆற்றினார். சிக்கனத்தைப் பற்றிப் பேசினார்.

அடுத்த கூட்டத்தில் கணக்கு வாசித்தார்கள். விளக்கு வாடகை இல்லை, எண்ணெய் இல்லை, விளக்குக்கு மென்டில் வலை இல்லை. மனேச்சரின் முகம் மலர்ந்திருந்தது. இந்த ஏற்பாடு வெற்றி என்றும் வருகிற வருஷமும் மூன்றரையே என்றும் பிரேரித்தார். நான் எழுந்தேன்.

"அண்ணை, விருந்தினருக்குச் சொல்லுற நேரத்தை எங்களுக்கும் சொல்லுங்கோ. இல்லாட்டில் எங்களுக்குச் சொல்லுறதை அவருக்குச் சொல்லுங்கோ. ரெண்டும் ஏலாதெண்டால் நான் வரேல்லை."

"தம்பி இன்னும் அந்தத் தண்ணிக் கதையை விடேல்லைப் போலை," என்றார் அவர். கூட்டம் மறுபடியும் சிரித்தது. மூன்றரை நிறைவேறியது. அடுத்த வருஷம் நான் ஆடவில்லை. அதன் பிறகும் ஆடவில்லை. பின்வரிசைக்கு ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். அவனுக்குத் தண்ணீர் முறை செவ்வாய்க்கிழமை.

அறுவடையில் பள்ளத்து நெல் நன்றாகவே விளைந்திருந்தது. மேட்டுக் கதிர்கள் வெள்ளையாய் நிமிர்ந்து நின்றன. மணி பிடித்த கதிர் தலை சாயும், இவை சாயவில்லை. பத்துக் கதிரை உருவிக் கையில் தேய்த்து ஊதினேன். கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. வெட்டுக்காரர் அதையும் வெட்டவா என்று கேட்டார்கள். கூலி வீண், விடுங்கள் என்றேன்.

மனைவி பிள்ளையைத் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி வரம்பில் வந்து நின்றாள். மேட்டை வெகுநேரம் பார்த்தாள்.

"மாட்டை அவிட்டு விடுங்கோ," என்றாள். "அதுகளாவது தின்னட்டும்."

அவிழ்த்து விட்டேன்.