சென்னியப்பன் கைக்கு முகம் பழகியது

பீளமேட்டில் கல்லூரி பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு சந்துக்குள் சலூன் வைத்திருக்கிறார் சென்னியப்பன். இரண்டே நாற்காலி. அவர் கத்தி பிடித்து யாருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. ஆனாலும் பெரிய ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட சலூன் வந்ததும் பையன்கள் ஃபேஷியலுக்கு அங்கே போனார்கள். போனவர்கள் முடியையும் அங்கேயே வெட்டிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமையில்கூட இவர் பேப்பரைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்படி ஆனது.

நாமும் பழகிக்கொண்டால் என்ன என்று, பியூட்டி பார்லர் வைத்துத் தொழில் சொல்லிக்கொடுக்கும் ஹாரிகாவிடம் போய்ச் சேர்ந்தார். அங்கே மற்றவர்கள் எல்லாம் பெண்பிள்ளைகள். ஐம்பதை நெருங்குகிற மனிதர் முறுக்கு மீசையோடு கடைசி ஸ்டூலில் உட்கார்ந்தால் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்துவிட்டுப் போகட்டுமே. கற்றுக்கொள்ள வந்தவருக்கு வெட்கம் எதற்கு?

தோலைத் தேய்க்கிற ஸ்க்ரப், ஆவி, மசாஜ், பூசிக் காயவிடுகிற பேக் என்று வரிசையெல்லாம் மனசில் நின்றுவிட்டது. கைதான் சொன்னபடி கேட்கவில்லை. மண்டையை அழுத்தித் தட்டியே பழகின கை அல்லவா!

"அண்ணா, இது தலையில்லீங்க, மூஞ்சி. மோதிர விரல்ல தொடுங்க. கீழயிருந்து மேல போங்க" என்பாள் ஹாரிகா.

வீட்டுக்கு வந்து மனைவி மாசாணியம்மாள் முகத்தில் பழகினார்.

"ஏனுங்க, பரோட்டாவுக்கா மாவு பெசையறீங்க? கன்னம் கழண்டு கையில வந்துரும்போல."

"பேசாம கண்ண மூடு அம்மணி. பேசுனா சுருக்கம் உழுகும்."

"அது உங்களக் கட்டுன அன்னைக்கே உழுந்துபோச்சுங்க."

ஒருநாள் சாயங்காலம் பேச்சு திடீரென்று நின்றது. பார்த்தால் குறட்டை. கை பழகிவிட்டது என்று அப்போதுதான் அவருக்கு நம்பிக்கை வந்தது. மறுநாளே கடையில் ஃபேஷியல் என்று பலகை மாட்டினார்.

முதலில் வந்தவன் கிருபாசங்கர். மீசை முளைத்த நாளிலிருந்து இவரிடம் முடி வெட்டிக்கொள்கிற பையன். இப்போது ஐடி கம்பெனியில் வேலை. மறுநாள் பொள்ளாச்சியில் அவனுக்கு நிச்சயதார்த்தம்.

"உங்கள நம்பித்தானுங்ண்ணா பெரிய கடைக்குப் போகாம வந்தேன்" என்று சாய்ந்து படுத்தான்.

இவன் முகம் நன்றாக வந்தால் சேக்காளிகளைக் கூட்டி வருவான். கெட்டால் இவனும் போய்விடுவான். அந்த நினைப்போடுதான் சென்னியப்பன் ஒவ்வொன்றாகச் செய்தார். பேக்கைத் துடைத்து எடுத்தபோது முகம் மின்னியது. அத்தோடு விட்டிருக்கலாம். ஷேவிங் முடிந்ததும் படிகாரக் கல்லை நனைத்துக் கன்னத்தில் தேய்ப்பது கைக்கு ஊறிப்போன பழக்கம். கை தானாகக் கல்லை எடுத்தது, தேய்த்தும்விட்டது.

"ஐயோ, எரியுதுங்ண்ணா! என்னத்தப் போட்டீங்க?"

ஸ்க்ரப் போட்டு இளகியிருந்த தோல் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. கிரீம் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவருக்கு வாய் வரவில்லை.

"பழக்க தோஷத்துல படிகாரத்தத் தேச்சுப்போட்டேனுங்க தம்பி. இதுக்கு அதப் போடக்கூடாது. என் தப்புத்தான்."

"நாளைக்கு எப்படிங்ண்ணா போய் நிக்கறது?"

ஹாரிகாவுக்குப் போன் போட்டார். பச்சைத் தண்ணீரில் கழுவி ஈரத்துணி போடுங்கள், வேறொன்றும் தடவாதீர்கள், தணிந்துவிடும் என்றாள். சொன்னால் நம்புகிற நிலையிலா அவன் இருந்தான்?

அவன் முகத்தில் துணியைப் போட்டுவிட்டுச் சென்னியப்பன் தன் கன்னத்தில் ஸ்க்ரப்பைத் தேய்த்துக் கழுவினார். அதன்மேல் படிகாரத்தை இழுத்தார்.

"என்னுங்ண்ணா, பைத்தியமா புடிச்சுருக்குது?"

"உங்களுக்கு அப்புறந்தான எனக்கு? எனக்குத் தணியறதுக்குள்ள உங்களுக்குத் தணிஞ்சுரோணும். பாத்துட்டே இருங்க."

கண்ணில் தண்ணீர் முட்ட, ஈரத்துணியோடு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியில் இரண்டு சிவந்த முகம். கிருபாசங்கர் முறைத்தான். உதட்டைக் கடித்தான். பிறகு அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டான். சிரித்தால் எரிந்தது, எரிந்தாலும் சிரித்தான். துணியை விலக்கிப் பார்த்தபோது சிவப்பு வெளுக்கத் தொடங்கியிருந்தது. பழைய மினுமினுப்பு அடியிலிருந்து எட்டிப் பார்த்தது.

அந்நேரம் முடி வெட்ட வந்த பக்கத்து மெஸ் வேலுமணி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னுங்க, ரண்டு பேரும் இப்படி உக்காந்திருக்கறீங்க?"

"ஃபேஷியலுங்க" என்றான் கிருபாசங்கர். "அண்ணன் நல்லாப் பண்றாரு. உக்காருங்க, அடுத்தது நீங்கதான்."